ராட்டினத்துக்கு அடியில் இருக்கும் நிலம்

செஞ்சி வட்டம் அனந்தபுரம் பேரூராட்சியில் தீம் பார்க் கிடையாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராட்டினம் என்பது திருவிழாவோடு லாரியில் வந்து இறங்குவது. பெருங்கூட்டம் கூடும் கோயில் திடலில் ஜெயன்ட் வீல், கொலம்பஸ், டிராகன் ரயில் எல்லாவற்றையும் பூட்டி நிறுத்துவார்கள். திருவிழா முடிந்ததும் நட்டுகளைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பூங்காவைப் பார்க்க வேண்டுமானால் பள்ளிக்கூட டூர்தான் வழி. விடிவதற்கு முன் பஸ் ஏறி, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைப் பக்கம் போய், நள்ளிரவில் ஊர் திரும்பும் பயணம் அது. தாம்பரத்துக் கிஷ்கிந்தா, பூந்தமல்லியைத் தாண்டி குயின்ஸ்லாண்ட், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்.ஜி.எம்., வி.ஜி.பி. என்று வடதமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் குரூப் போட்டோக்களுக்குப் பின்னணியாக நின்றவை இவையே.

ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கும் மக்களை நம்பி நடப்பவற்றை வட்டாரப் பூங்காக்கள் எனலாம். டிஸ்னிலேண்டுக்கு உலகம் வரும். வட்டாரப் பூங்காவுக்கு நாலைந்து மாவட்டம் வரும். வார நாட்களில் பள்ளி, கல்லூரிக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள், மழை பெய்தால் யாரும் இல்லை. வருமானம் இப்படி ஏறி இறங்கினாலும் சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு, கடன் வட்டி என்று செலவு மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட பூங்கா ஒன்று கைமாறினால் என்ன ஆகும்? புது முதலாளி எப்படிப்பட்டவர் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் கைமாறிய பூங்காக்களின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது வேறொன்று இருப்பது தெரிகிறது. ராட்டினத்துக்கு அடியில் இருக்கும் நிலம் யாருடையது? அந்த நிலத்தை விற்றால் என்ன கிடைக்கும்?

கோட்டை கைமாறிய கதை

கைமாறுதலைப் பற்றிப் பேச செஞ்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும், நெடிய முற்றுகைக்குப் பிறகு 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கானுக்கும் போன கோட்டை இது. 1714இல் அதை ஆண்ட தேசிங்கு போரில் மாண்டபின் ஆற்காட்டு நவாபிடமும், 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும் சேர்ந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். முகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றார்கள். ஊர் வாயில் அது செஞ்சியாகவே இருந்துவிட்டது.

பூங்காக்களின் கதையிலும் முதலில் மாறுவது பெயர்ப் பலகைதான். கொச்சியில் வீகாலேண்ட் வொண்டர்லா ஆகிப் பல ஆண்டுகள் கடந்தும் பழைய பெயரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலாளி மாறாமலேயே பெயர் மாறுவதும் உண்டு; வீகாலேண்டைப் போலவே வி.ஜி.பி. கோல்டன் பீச்சும் அதே குடும்பத்தின் கையிலேயே வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம் ஆயிற்று. பெயரை வைத்து ஒரு பூங்காவின் தலையெழுத்தைக் கணிக்க முடியாது.

கோட்டைக்கும் பூங்காவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோட்டையின் ராஜகிரிக் குன்றையோ கிருஷ்ணகிரிக் குன்றையோ யாரும் மனையாகப் பிரித்து விற்க முடியாது. கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர்களின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. தீம் பார்க் அப்படியல்ல. சமன்செய்த நிலம், அகலமான பாதை, மின் இணைப்பு, தண்ணீர், பஸ் நிற்கப் பெரிய மைதானம் என்று மனைப்பிரிவு போடுவதற்குத் தேவையான எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

சொந்தக் காசு, சொந்த ஆசை

தென்னிந்தியாவின் முதல் தலைமுறைப் பூங்காக்களைக் கட்டியவர்கள் யாரும் பூங்காத் தொழிலில் பழகியவர்கள் அல்லர். தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்று வளர்ந்த வி.ஜி.பன்னீர்தாஸின் குடும்பம் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் வி.ஜி.பி.யை உருவாக்கியது. சரக்குப் போக்குவரத்தில் காலூன்றிய எம்.ஜி.எம். குழுமம் முட்டுக்காடு பக்கம் டிஸ்ஸி வேர்ல்டைக் கட்டியது. இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரத்தை அடுத்து கிஷ்கிந்தாவைத் திறந்தார். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்ற வி-கார்டு நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பள்ளி 2000இல் கொச்சியில் வீகாலேண்டைத் தொடங்கினார்.

வேறு தொழிலில் சம்பாதித்த பணத்தை ஒரு தனிமனிதரின் ஆசையில் போட்டதுதான் இவை எல்லாவற்றுக்கும் தொடக்கம். அன்று நகரத்துக்கு வெளியே நிலம் மலிவு. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாவதற்கும், தாம்பரத்துக்கு அப்பால் அடுக்குமாடிகள் முளைப்பதற்கும் முந்தைய காலம். ஏக்கர் கணக்கில் வாங்கிப்போட்டு, மரம் நட்டு, அருவி கட்டி, குகை செய்து வைக்க முடிந்தது. லாபக் கணக்கு பார்த்து வைத்த சிலைகளும் இருக்கும். முதலாளிக்குப் பிடித்ததால் வைத்த சிலைகளும் இருக்கும். வி.ஜி.பி.யில் யார் என்ன செய்தாலும் சிரிக்காமல் நின்ற சிலை மனிதரை எந்த ஆலோசனை நிறுவனமும் பரிந்துரைத்திருக்காது.

பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்பச்சனுக்கு இது தோன்றியிருக்குமா தெரியாது: இராமாயணத்துக் கிஷ்கிந்தையே கைமாறிய நாடுதான். வாலியிடமிருந்து சுக்ரீவனுக்குப் போனதும் அங்கே முதலில் நடந்தது களியாட்டம். கடமை நினைவுக்கு வந்தது இலட்சுமணன் கோபத்தோடு வாசலில் வந்து நின்ற பிறகு. தாம்பரத்துக் கிஷ்கிந்தாவின் நிறுவனர் 2012இல் காலமானார். நிறுவனரின் மறைவு என்பது ஒவ்வொரு முதல் தலைமுறைப் பூங்காவும் சந்தித்தே தீரவேண்டிய கைமாறுதல். கிரயப் பத்திரம் இருக்காது, பத்திரிகைச் செய்தி இருக்காது. ஆனால் அது வெறும் ஆசையால் நடந்த தொழிலைப் பங்கு கேட்கும் சொத்தாக மாற்றிவிடுகிறது. ஒருவரின் கனவுக்கு இப்போது மூன்று நான்கு வாரிசுகள். ஒருவருக்கு ராட்டினம் ஓட வேண்டும், இன்னொருவருக்குத் தன் பங்கு ரொக்கமாக வேண்டும். எந்தக் குடும்பச் சொத்திலும் நடப்பதுதான் இங்கும் நடக்கும்.

அந்தக் கட்டத்தைக் கடக்க வீகாலேண்ட் குடும்பம் வேறு வழி கண்டது. 2005இல் பெங்களூரில் வொண்டர்லாவைத் திறந்தது. பிறகு கொச்சிப் பூங்காவையும் அதே நிறுவனத்தோடு இணைத்தது. 2014இல் பங்குச் சந்தைக்குப் போனது. நிர்வாகம் நிறுவனரின் மகன் அருண் சிட்டிலப்பள்ளியின் கைக்கு வந்தது. ராட்டினங்களில் பலவற்றைத் தாங்களே வடிவமைத்துச் செய்யும் பட்டறையும் அவர்களிடம் உண்டு. நிறுவனப் பங்காக மாறிவிட்ட சொத்தில் ஒரு பங்குதாரருக்குப் பணம் வேண்டுமென்றால் சந்தையில் பங்கை விற்றுக்கொள்ளலாம். அதற்காக ரோலர் கோஸ்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. வாரிசுச் சிக்கலிலிருந்து நிலத்தைக் காப்பாற்றியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு.

விற்கப்படுவது எது

பூங்கா கைமாறியது என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நடப்பது வேறுவேறு.

முதல் வகை பங்கு விற்பனை. நிறுவனம் அப்படியே இருக்கும். அதன் பங்குகள் வேறு கைக்குப் போகும். நிலத்தின் பட்டா, உரிமங்கள், ஊழியர்கள், வழக்குகள், கடன்கள் எல்லாம் நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். இரண்டாவது சொத்துக் கிரயம். வாங்குபவர் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். ராட்டினத்தை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் வாங்கலாம், நிலத்தை விட்டுவிட்டு ராட்டினத்தை மட்டும் கழற்றிப் போகலாம். மூன்றாவது நிலத்தையும் தொழிலையும் இரண்டாகப் பிளப்பது. பூங்காவை நடத்துபவர் ஒருவர், மண்ணுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், நடுவில் ஒரு குத்தகை. பிரிட்டனின் மெர்லின் நிறுவனம் 2007இல் ஆல்டன் டவர்ஸ், தோர்ப் பார்க் ஆகிய பூங்காக்களின் நிலத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதையே நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து இன்றுவரை நடத்துகிறது. வருகிறவர்கள் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. மாறியது, ஆண்டுதோறும் கட்டியாக வேண்டிய வாடகை என்ற புதுச் செலவு.

நான்காவது கடன் வழியாக வரும் கைமாற்றம். இந்தியாவில் இதற்கு இமேஜிகாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆட்லேப்ஸ் திரைத்தொழிலில் பேரெடுத்த மன்மோகன் ஷெட்டி 2013இல் மும்பை – புணே நெடுஞ்சாலையருகே கோபோலியில் அதைத் திறந்தார். உலகத் தரத்தில் இந்தியாவுக்கொரு தீம் பார்க் என்பது கனவு. 2015இல் பங்கு வெளியிட்டபோதே எதிர்பார்த்த விலை கிடைக்காமல் விலையைக் குறைக்க வேண்டிவந்தது. கட்டுமானத்துக்கு வாங்கிய கடன் 1,000 கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. கூட்டம் வந்தும் வட்டிக்கு அது போதவில்லை. பிறகு கொரோனா வந்து கதவையே மூடியது. 2022இல் கடன் கொடுத்த வங்கிகள் பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க, சங்கம்னேரின் மால்பானி குழுமம் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது.

மால்பானி குடும்பம் புகையிலை வணிகத்தில் எழுந்தது. லோனாவ்லாவிலும் சீரடியிலும் வாட்டர் பார்க் நடத்திப் பழக்கமுள்ளது. வாங்கியது அதே ராட்டினங்கள், அதே நிலம். ஆனால் ஷெட்டி கட்டிய விலைக்கு அவர்கள் வாங்கவில்லை. கடன் சுமை குறைக்கப்பட்ட விலைக்கு வாங்கினார்கள். கோட்டையைக் கட்டியவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர் என்பதுபோல, பெருஞ்செலவுப் பூங்காக்களில் முதல் முதலாளி கனவுக்கு விலை கொடுக்கிறார். இரண்டாம் முதலாளிக்குத்தான் லாபம் வாய்க்கிறது. இமேஜிகா இன்றும் ஓடுகிறது என்பதற்குக் காரணம், வந்தவர்கள் பூங்கா நடத்தத் தெரிந்தவர்கள் என்பது மட்டுமா? கோபோலியில் அந்த நிலத்தை வேறெதற்குப் பயன்படுத்தினாலும் பூங்காவைவிட உடனடியாக அதிகம் கிடைக்காது என்பதும் காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

நிலம் முந்திக்கொண்ட இடங்கள்

இதற்கு நேரெதிரான கதை டெல்லியின் அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு என்ற யானைக் குட்டியின் பெயரில், 1984 நவம்பர் 19 அன்று பிரகதி மைதானத்தில் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை டெல்லிப் பிள்ளைகள் வளர்ந்த இடம். நிலம் அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. நகரத்தின் நடுவே, உச்ச நீதிமன்றத்தின் பக்கத்தில் இருந்த அந்த நிலத்துக்கு வேறு தேவைகள் வந்தபோது குத்தகை நீடிக்கவில்லை. 2008 பிப்ரவரியில் மூடப்பட்டது. பூங்காவை நடத்தியவர்கள் திறமைசாலிகளா, கூட்டம் வந்ததா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

நம் பக்கத்திலும் இதன் சாயல் உண்டு. குயின்ஸ்லாண்ட் பூங்கா பயன்படுத்திவந்த நிலத்தில் 21 ஏக்கர், பாப்பான்சத்திரம் காசி விஸ்வநாதர், வேணுகோபாலசுவாமி கோயில்களுக்கு உரியது. குத்தகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட அந்த நிலத்தை மீட்க 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பூங்காவின் முதலாளி யார் என்பது ஒரு கேள்வி; நிலத்தின் முதலாளி சுவாமியே என்பது இன்னொரு பதில்.

அமெரிக்காவின் ஒஹையோவில் இருந்த ஜியாகா லேக் இன்னும் சோகமானது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஏரிக்கரைப் பொழுதுபோக்கிடமாகத் தொடங்கியது. 1925இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் அதன் அடையாளம். 1995இல் ஒரு சங்கிலி நிறுவனம் வாங்கியது. 2000இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஒஹையோ என்று பெயர் மாறியது. மறு ஆண்டே எதிர்க்கரையில் இருந்த சீவேர்ல்டையும் வாங்கி இணைத்து மூன்றாவது பெயர் வைத்தார்கள். 2004இல் 14.5 கோடி டாலருக்கு சீடர் ஃபேர் நிறுவனத்துக்கு விற்றார்கள். பழைய பெயர் திரும்பி வந்தது. வாங்கிய நிறுவனத்துக்கு அதே மாநிலத்தில், இரண்டு மணி நேரத் தொலைவுக்குள், சீடர் பாயின்ட் என்ற இன்னும் பெரிய பூங்கா இருந்தது. ஒரே வட்டாரத்தின் கூட்டத்தை இரண்டு பூங்காக்களுக்குப் பிரித்துக்கொடுக்க எந்தக் கணக்குப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? 2007 கோடை முடிந்ததும் ராட்டினங்களை நிறுத்தினார்கள். வாட்டர் பார்க் மட்டும் 2016 வரை தட்டுத்தடுமாறி ஓடியது. பூங்காவை வாங்குகிறவர் பக்கத்து ஊர்ப் போட்டியாளராக இருந்தால், வாங்குவதே மூடுவதற்கான முதல் படியாகிவிடக்கூடும். அந்த சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் 2024 ஜூலையில் ஒரே நிறுவனமாயின. மறு ஆண்டு நவம்பரிலேயே மேரிலாண்டில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா மூடப்பட்டது. நிலம் வேறு பயன்பாட்டுக்கு விற்கப்படும் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு.

ஒரு நகராட்சி செய்த காரியம்

இந்தக் கதைகளிலெல்லாம் நமக்கு மிக அதிகம் சொல்லித்தருவது கலிஃபோர்னியாவின் கிரேட் அமெரிக்கா. 1976இல் மேரியட் ஹோட்டல் நிறுவனம் சாண்டா கிளாரா நகரில் கட்டிய பூங்கா அது. சுற்றிலும் கணினி நிறுவனங்கள் வளர வளர நிலத்தின் விலை ஏறியது. 1980களின் நடுவில் மேரியட் விற்கத் தயாரானபோது வாங்க வந்தவர்கள் கட்டட முதலாளிகள். அப்போது சாண்டா கிளாரா நகர நிர்வாகமே குறுக்கே நின்று 1985இல் பூங்காவை வாங்கிவிட்டது. பின்னர் 1989இல் ராட்டினங்களையும் நடத்தும் உரிமையையும் தனியாருக்கு விற்றது. நிலத்தை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

அதற்குப் பின் பூங்காவை நடத்தியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கிங்ஸ் நிறுவனம், பாரமவுண்ட் திரைப்பட நிறுவனம், 2006இல் சீடர் ஃபேர். இடையே பெயர் மாறியது, ராட்டினங்கள் மாறின, சீட்டு விலை மாறியது. பூங்கா மட்டும் நின்றுபோகவில்லை. நிலத்தை விற்க அவர்களில் யாராலும் முடியாது. எனவே அதில் சம்பாதிக்க ஒரே வழி ராட்டினத்தை ஓட்டுவதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏற்பாடு நிலைத்தது.

2019இல் நகர நிர்வாகம் நிலத்தையும் சீடர் ஃபேருக்கே விற்றது. இப்போது நிலமும் ராட்டினமும் ஒரே கையில். மூன்றே ஆண்டில், 2022இல், சீடர் ஃபேர் அந்த நிலத்தை ப்ரோலோஜிஸ் என்ற கிடங்குக் கட்டுமான நிறுவனத்துக்கு 31 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, சில ஆண்டுகளுக்கு மட்டும் குத்தகை வாங்கிக்கொண்டது. அதிகபட்சம் 2033 வரை பூங்கா இருக்கலாம். கிங்ஸ், சினிமா கம்பெனி, சீடர் ஃபேர் என்று மூன்று கைகளைத் தாங்கிய பூங்காவால், நிலம் விடுபட்ட ஒரு பத்திரப்பதிவைத் தாங்க முடியவில்லை.

எல்லா விற்பனையும் அழிவில் முடிவதில்லை என்பதற்கு பிட்ஸ்பர்க்கின் கென்னிவுட் சாட்சி. 1898இல் டிராம் வண்டிக் கம்பெனி தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளூர்க் குடும்பங்களின் கையில் இருந்தது. 2007இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனத்துக்கும், 2025இல் ஹெர்ஷெண்ட் என்ற அமெரிக்கக் குடும்ப நிறுவனத்துக்கும் போனது. 1920களின் மர ரோலர் கோஸ்டர்கள் இன்னும் ஓடுகின்றன. 1987இலேயே தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியை அது பெற்றுவிட்டது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு கென்னிவுட் நாள் என்பது ஊரின் பழக்கம். வாங்க வந்தவர்கள் ராட்டினத்தோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் வாங்கினார்கள். அதைக் கலைத்தால் வாங்கியதன் மதிப்பே குறையும்.

வேலியின் உட்பக்கம்

நிலம் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. புது நிர்வாகம் வந்த முதல் வருடம் பெயின்ட் பளபளக்கும். தொடர்ந்து நுழைவுச் சீட்டின் விலை, லாக்கர் வாடகை, நீச்சல் உடை வாடகை, வெளிச்சாப்பாட்டுக்குத் தடை என்று கணக்கு இறுகும். பள்ளிக் குழுக்களுக்குத் தரும் சலுகையில் கை வைத்தால் அதன் வலி அனந்தபுரம் போன்ற ஊர்களில்தான் முதலில் தெரியும். தலைக்கு நூறு ரூபாய் ஏறினால் டூர் பட்டியலிலிருந்து சில பெயர்கள் விழும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ஆட்கள். ஒரு ராட்டினத்தைப் பத்து பதினைந்து வருடம் ஓட்டியவருக்கு அதன் சத்தத்திலேயே நோய் தெரியும். எந்த பேரிங் சூடாகும், மழை பெய்த மறுநாள் எந்த பிரேக் இழுக்கும் என்பது கையேட்டில் இருக்காது. ஆட்குறைப்பிலும் ஒப்பந்த முறையிலும் முதலில் வெளியேறுவது இந்த அறிவுதான். எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. விற்கப்போகிறோம் என்று தெரிந்த முதலாளி, பெரிய பழுது பார்க்கும் செலவை வருகிறவர் தலையில் விட்டுவிட்டு, அந்த வருடக் கணக்கில் லாபத்தைக் கூட்டிக் காட்டவே விரும்புவார். எனவே புது முதலாளியின் முதல் ஆண்டைவிட, பழைய முதலாளியின் கடைசி ஓரிரு ஆண்டுகளை அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

ராட்டினங்களின் பாதுகாப்புக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற தரத்தை வகுத்து வைத்திருக்கிறது. 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு வளாகத் தீ விபத்தில் 27 பேர் கருகிச் செத்த பிறகு குஜராத் அரசு இத்தகைய இடங்களுக்குத் தனி விதிகளை இயற்றியது. விதி எழுத உயிர்ப்பலி தேவைப்படுவது நம் நாட்டு வழக்கம்; அடுத்த மாநிலத்தின் பலியைப் பார்த்தே எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பங்கு போடாத பங்காளி

ஒவ்வொரு பூங்காவிலும் அரசு ஒரு பங்காளி. காசு போடாது, ஆனால் வரியாலும் அனுமதியாலும் பூங்காவின் ஆயுளைத் தீர்மானிக்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது தீம் பார்க் நுழைவுச் சீட்டுக்கு 28 விழுக்காடு வரி. 2018 ஜனவரியில் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தது. வொண்டர்லா திருப்போரூர் அருகே இள்ளலூரில் நிலம் வாங்கி வைத்திருந்தும் பல ஆண்டுகள் கட்டுமானத்தில் இறங்காததற்கு இந்த 10 விழுக்காட்டு உள்ளாட்சி வரி முக்கியக் காரணம். அதிலிருந்து விலக்கு கிடைத்த பின்னரே வேலை சூடுபிடித்தது. 611 கோடி ரூபாய் முதலீட்டில் 2025 டிசம்பரில் பூங்கா திறந்தது. ஒடிசாவில் அதே நிறுவனத்துக்கு மாநில அரசு நிலத்தையே நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தது. 2024இல் புவனேஸ்வர் பூங்கா திறந்தது.

புதிய பெரிய பூங்கா வந்ததும் பழைய பூங்காக்களின் நிலை இன்னும் இக்கட்டாகிறது. ஒரே வட்டாரக் கூட்டத்தை இப்போது பங்குபோட வேண்டும். புது ராட்டினத்துக்குச் செலவழிக்கலாமா, நிலத்தை விற்றுவிடலாமா என்ற கேள்வி கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தாம்பரத்திலும் உள்ள குடும்பங்களின் சாப்பாட்டு மேசையில் எழுவது இயல்பு. முப்பது வருடம் முன்னால் ஏக்கர் கணக்கில் வாங்கியது இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும்போது, விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் யோசிப்பார்கள்.

திருவிழாத் திடலுக்கு வரும் ராட்டினக்காரரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவருடைய ஜெயன்ட் வீலும் கைமாறும். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து கடன் கொடுத்தவருக்கு. ஆனால் அதை வாங்குகிற எவரும் ஓட்டுவதற்காகவே வாங்குகிறார்கள். திடல் கோயிலுடையது அல்லது ஊருடையது. அதை விற்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு நகர நிர்வாகம் முப்பது வருடம் செய்ததை நம் ஊர்க் கோயில் திடல்கள் காலங்காலமாகச் செய்துவருகின்றன.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரித்துவரும் நேரம் இது. பழைய பூங்காக்கள் இருக்கும் நிலங்களைப் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு என்று அந்தத் திட்டத்தில் குறித்துவிடலாம். அப்படிக் குறித்த நிலத்துக்குச் சொத்து வரியிலும் கேளிக்கை வரியிலும் ஈடான சலுகை தரலாம். விற்பனை நடந்தால் நிலத்தை வாங்கும் முதல் உரிமையை உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம். பூங்காவின் உடைமையோ நிர்வாகமோ மாறிய அன்றே பழைய உரிமம் காலாவதியாகி, ஒவ்வொரு ராட்டினத்தையும் வெளிப் பொறியாளர் ஒருவர் சோதித்த பிறகே புது உரிமம் என்று மாநில அரசு ஒரு விதி எழுதலாம். இவற்றில் எதற்கும் பெரிய நிதி வேண்டியதில்லை. பத்திரம் பதிவாகும் முன்னால் செய்ய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பதிவான பிறகு சாண்டா கிளாரா நகரத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.